நாலரை வயதுக்காரி தானே சட்டை போடட்டும்

கேள்வி: மகளுக்கு வருகிற ஜூனில் ஐந்து வயது முடிகிறது, பள்ளிக்கூடம் திறந்ததும் கேஜியில் சேர்க்கிறோம். இன்னும் சோறு ஊட்டிவிட வேண்டும், சட்டை போட்டுவிட வேண்டும், கக்கூஸ் போனால் கழுவிவிட வேண்டும். கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் எல்லாம் நானே செய்துவிடுகிறேன். நான் விட்டாலும் மாமியார் விடுவதில்லை, "சின்னப்பிள்ளை, பாவம்" என்கிறார். என்ன செய்வது? - ஒரு தாய், யாங்கோன்

பதில்: பிள்ளைக்குச் செய்து பார்க்க நேரமே கிடைக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது, தங்கச்சி. காலையில் ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும்போது யாரும் பித்தான் போடப் பழகமுடியாது, அதனால் பழக்குவதைச் சாயங்காலக் குளியலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் வரும் திங்யான் தண்ணீர்த் திருவிழா முடிந்து பள்ளி திறக்க ஒன்றரை மாதம் இருக்கிறது, அது தாராளம்.

கழற்றுவது முதலில் வரும், போடுவது அப்புறம்தான் வரும். கால்சட்டையை முழங்கால் வரை நீங்கள் ஏற்றிவிட்டு, இடுப்புக்கு இழுப்பதை மட்டும் அவளிடம் விடுங்கள். அது கைவந்ததும் ஒரு காலை அவளே நுழைக்கட்டும், அப்புறம் இரண்டும். இப்படிக் கடைசி வேலையிலிருந்து பின்னோக்கி வந்தால் ஒவ்வொரு தடவையும் முடித்தது அவளாக இருப்பாள், அந்தச் சந்தோஷத்தில் அடுத்ததையும் கேட்பாள். பள்ளிக்கான பச்சைப் பாவாடையோ லுங்கியோ, இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துவிடுங்கள். அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஒன்றுக்குப் போகாமல் அடக்கி வைக்கும் பிள்ளைகள் உண்டு.

கக்கூஸ் விஷயத்தில் கொஞ்சம் அக்கறை அதிகம் வேண்டும். உங்கள் வீட்டில் உட்காரும் பீங்கான் இருந்தால், குந்தி உட்காரும் கக்கூஸையும் பழக்கிவிடுங்கள், பள்ளியில் அதுதான் இருக்கக்கூடும். பெண்பிள்ளை முன்னாலிருந்து பின்னால் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மூத்திரப் பாதையில் கிருமி சேரும். இந்த வயதில் சுத்தமாகக் கழுவ வராது, அவள் கழுவிய பிறகு நீங்கள் ஒரு தடவை பாருங்கள். சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவுவதையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.

சோறு சிந்தட்டும். பாய் விரித்து, கொஞ்சமாகப் பிசைந்த சோற்றை அவள் முன்னால் வைத்து, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பல் தேய்ப்பது மட்டும் விதிவிலக்கு: தொடங்குவது அவள், முடிப்பது நீங்கள். ஏழெட்டு வயது வரை பெரியவர் கை வேண்டும், பட்டாணி அளவு பேஸ்ட் போதும்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். அவர் கைக்கு வேலை இல்லாமல் போனால்தான் அவருக்கு வருத்தம். முகத்தில் பூசும் தனக்காக் கட்டையை அரைப்பது அவர் வேலை, கன்னத்தில் பூசிக்கொள்வது பேத்தி வேலை என்று பிரித்துக்கொடுங்கள். "எங்கே, பாட்டிக்குக் காட்டு" என்று அவரே கேட்க ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தமாதிரி.

கேள்வி: ஆறு வயது மகன் இரவில் இன்னும் பாயை நனைக்கிறான். கண்டித்தால் நிற்குமா? - ஒரு தந்தை, மோல்மேன்

பதில்: நிற்காது, ஐயா, பயந்துதான் போவான். அவன் தூக்கத்தில் அறியாமல் நடப்பது அது, இந்த வயதில் நிறையப் பிள்ளைகளுக்கு உண்டு. படுக்கப்போகுமுன் ஒன்றுக்குப் போகச் சொல்லுங்கள், மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் ஒரு காரணம். ஏழு வயது தாண்டியும் தொடர்ந்தாலோ, பல மாதம் நனைக்காமல் இருந்தவன் திடீரென்று மறுபடி தொடங்கினாலோ, போகும்போது எரிகிறது என்றாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.