பெர்ரி வாலஸின் 25: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் தன் பழைய கூடைப்பந்து வீரர் பெர்ரி வாலஸின் 25ஆம் எண் ஜெர்சியை 2004இல் மரியாதைக்காக அரங்கில் உயரே ஏற்றி வைத்ததைப் பற்றி நெகிழ்ந்து எழுதியிருந்தீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. தென்மாநிலப் பல்கலைக்கழகங்களின் எஸ்.இ.சி. லீக்கில், முதன்மை அணிக்காகக் கூடைப்பந்து ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர். 1970இல் படித்து முடித்தவருக்கு 34 வருடம் கழித்து மரியாதையா? பழைய பாவத்தைக் கழுவுகிறார்கள், அவ்வளவுதானே? அவரும் ஏன் போய் நின்றார்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கழுவுகிறார்களா என்றால், ஆமாம், அதுவும்தான். எந்த நிறுவனமும் தனக்கு லாபமில்லாமல் விழா எடுப்பதில்லை. ஆனால் அவர் ஏன் போய் நின்றார் என்ற உங்கள் கடைசிக் கேள்வியில்தான் எனக்கு உடன்பாடில்லை.

வாலஸ் வெளியூர்க்காரர் அல்ல. வாண்டர்பில்ட் இருக்கும் நாஷ்வில்தான் அவருக்கும் ஊர். அங்கே பேர்ல் என்ற கறுப்பினப் பள்ளியில் படிப்பிலும் முதல், பந்திலும் முதல். 1966இல் அந்தப் பள்ளி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் மாநிலக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு வாண்டர்பில்டில் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அப்போது முதலாமாண்டு மாணவர்களுக்குத் தனி அணி. அந்த அணியோடு மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டார்க்வில் நகரத்துக்கு ஆடப் போனபோது கூட்டம் வசையாகப் பொழிந்தது. இடைவேளையில் வாலஸும் அணியிலிருந்த இன்னொரு கறுப்பின மாணவர் காட்ஃப்ரி டில்லார்டும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுவருடம் ஆக்ஸ்ஃபோர்டில், அதே மிசிசிப்பிதான், வாலஸுக்குக் கண்ணில் அடி. அவர் சிகிச்சையில் இருக்கும்போதே அணி களத்துக்குத் திரும்பிவிட்டது. அந்தக் கூட்டத்தின் முன்னால் அவர் தனியாக நடந்து வர வேண்டியிருந்தது. எதிரணியும் அவர்களுடைய கூட்டமும் அப்படித்தான் என்று விட்டுவிடலாம். சொந்த அணி காத்திருக்கவில்லை என்பதை என்னால் அவ்வளவு எளிதில் விட முடியவில்லை.

கடைசி வருடம் அவர்தான் கேப்டன். மாணவர்கள் வாக்களித்து, தங்களில் மிகவும் மதிக்கத்தக்கவர் என்ற பட்டத்தையும் கொடுத்தார்கள். (அந்தப் பட்டத்துக்கு 'பேச்சிலர் ஆஃப் அக்லினஸ்', அதாவது 'அழகின்மையில் இளங்கலைப் பட்டம்', என்று ஒரு விசித்திரமான பெயர். பழைய கல்லூரிக் கிண்டல்.) கடைசி ஆட்டத்தில் 28 புள்ளி, 27 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). அந்தக் காலத்தில் கல்லூரிக் கூடைப்பந்தில் டங்க் அடிக்க, அதாவது எம்பிக் குதித்துப் பந்தை மேலிருந்து கூடைக்குள் அமுக்க, தடை. மனிதர் அதையும் ஒன்று அடித்துவிட்டுத்தான் முடித்தார்!

அப்புறம் 'தி டென்னசியன்' நாளிதழுக்குப் பேட்டி கொடுத்தார். இந்த வளாகத்தில் நான் தனியாகவே இருந்தேன், என் பெயர் பலருக்குத் தெரியும், என்னைத் தெரிந்துகொள்ளத்தான் ஆளில்லை என்ற பொருளில் பேசினார். கைதட்டிய ஊருக்கு அது பிடிக்கவில்லை, நன்றி கெட்டவன் என்றது. அவர் ஊரை விட்டுப் போய்ச் சட்டம் படித்தார். அமெரிக்க அரசின் நீதி அமைச்சகத்தில் வழக்கறிஞராக இருந்தார். பிறகு வாஷிங்டனில் சட்டப் பேராசிரியரானார்.

ஆக, மரியாதை அவருக்கு 1970லேயே கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போனது, அவர் சொன்னதைக் கேட்கும் காது. 2004இல் அந்த எண்ணை ஏற்றியபோது, அவர் ஏன் ஊரை விட்டுப் போனார், என்ன சொல்லிவிட்டுப் போனார் என்பதையும் பேசாமல் விழா நடத்த வழியில்லை. அவர் விழாவுக்கு வர மறுத்திருந்தால் நாம் மெச்சியிருப்போம். பல்கலைக்கழகத்துக்கோ அது வசதியாகப் போயிருக்கும். 2017 டிசம்பரில் அவர் இறந்தார். இப்போது வளாகத்தை ஒட்டிய ஒரு தெருவுக்கு அவர் பெயர்.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு என்பேன். டில்லார்டுக்கு முழங்காலில் அடிபட்டது, முதன்மை அணிக்கு ஆடும் வாய்ப்பே வரவில்லை, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனார். அவரும் வழக்கறிஞர்தான். மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் சேர்க்கை வழக்கில் சிறுபான்மை மாணவர்கள் தரப்பில் வாதாடினார். ஸ்டார்க்வில்லில் அவர் வாங்கிய வசை வாலஸ் வாங்கியதற்குக் குறைந்ததல்ல. ஆனால் ஜெர்சியை ஏற்றி வைக்கும் வழக்கத்தில் அவரைப் போன்றவருக்கு இடமே கிடையாது. முதன்மை அணியின் ஆட்டக் கணக்கில் அவர் பெயரில் ஒரு புள்ளிகூட இல்லையே.