ஊமைப்படத்தில் யார் பேசினார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தமிழின் முதல் பேசும்பட நாயகி டி.பி. ராஜலட்சுமி ஊமைப்படங்களிலும் நடித்தவர் என்று சென்ற வாரம் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எங்கள் பாட்டி சமையலறையில் 'காந்தியின் கைராட்டினமே' என்று ஒரு பாட்டை முணுமுணுப்பார். தன் அம்மா பாடக் கேட்டதாம். அது ராஜலட்சுமி பாடியது என்று உங்கள் கட்டுரைக்குப் பிறகு தேடித்தான் தெரிந்துகொண்டேன். பேசும்படம் வந்ததும் வெளிநாட்டில் ஊமைப்பட நட்சத்திரங்கள் பலர் காணாமல் போனார்கள் என்று படித்திருக்கிறேன். இவர் மட்டும் எப்படித் தப்பினார்? பம்பாய்க்காரர்களுக்கு ஒரு தமிழ்ப்பெண் தேவைப்பட்டபோது தற்செயலாக அகப்பட்டார் என்பதுதானா? அவர் நடிப்பை இன்று எங்கே பார்க்கலாம்?

எஸ்., புரசைவாக்கம்

அன்புள்ள எஸ்.,

'தப்பினார்' என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பேசும்படத்தைக் கண்டு அஞ்சவேண்டிய நிலையில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

1911இல் திருவையாற்றில் பிறந்தவர். விவரம் தெரியாத வயதில் கல்யாணம். அது நிலைக்காமல் பிறந்த வீட்டுக்கே திரும்பினார். பிறகு நாடகம். அன்றைய ஸ்பெஷல் நாடகம் எப்படி நடந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மைக் கிடையாது. கதாநாயக வேடம் போடும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வந்து இறங்குவார், நாயகி வேடம் போடும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. தினைப்புனத்தில் வள்ளியும் வேடனும் தர்க்கம் செய்யும் கட்டம் வந்துவிட்டால் நேரம் போவதே தெரியாது. அவர் ஒரு பாட்டில் கேள்வி போட்டால் இவர் அங்கேயே பாட்டில் பதில் சொல்லவேண்டும். மண்தரையில் கடைசியாக உட்கார்ந்திருப்பவர் காதிலும் அது விழவேண்டும். கிட்டப்பாவோடும் தியாகராஜ பாகவதரோடும் மேடையேறிய ராஜலட்சுமிக்குத் தொண்டைதான் முதல்.

அப்படிப்பட்டவர் 1929இல் 'கோவலன்' ஊமைப்படத்துக்குப் போனார். அடுத்து 'உஷாசுந்தரி', 'ராஜேஸ்வரி'. குரலால் வாழ்ந்தவர், குரலே வேண்டாத இடத்தில் நின்று நடித்தார். படம் பார்க்க வந்தவர்களுக்கோ அது ஊமையாக இருக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை உரக்கப் படித்துக் கதை சொல்வார். பாதிப்பேருக்கு எழுத்துத் தெரியாதே! ராஜாவுக்கும் அவரே வாய், வில்லனுக்கும் அவரே வாய். கதாநாயகி அழுதாலும் கேட்பது அந்த ஆணின் குரல். ராஜலட்சுமியின் வசனத்தையும் யாரோ ஒருவர் கொட்டகைக்குக் கொட்டகை தம் இஷ்டப்படி பேசிக்கொண்டிருந்தார். இதைப்பற்றி நம் சினிமா வரலாறுகளில் இரண்டு வரிக்குமேல் வருவதில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

பம்பாயில் நடந்தது வேறு. அங்கே உச்சத்தில் இருந்த சுலோச்சனாவின் இயற்பெயர் ரூபி மையர்ஸ். பேசும்படம் வந்ததும் அவர் நடிப்பை நிறுத்திவைத்துவிட்டு ஹிந்துஸ்தானி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நீங்கள் படித்ததெல்லாம் அந்த மாதிரிக் கதைகள். சென்னையிலும் ஆர். பிரகாஷ் எடுத்த 'பீஷ்ம பிரதிக்ஞை'யில் கங்கையாக நடித்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான். அவரைப் போன்றவர்கள் பேசும்படத்தில் என்ன செய்ய முடியும்? ராஜலட்சுமிக்கு நடந்தது நேர்மாறு. இரண்டு வருஷம் பூட்டி வைத்திருந்த சொத்தை அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று, பின்னாளில் முருகன் டாக்கீஸ் ஆன கினிமா சென்ட்ரலில் வெளியானது. பம்பாயில் அர்தேஷிர் இரானி தயாரித்து எச்.எம். ரெட்டி இயக்கிய படம். படச்சுருள் வந்த பெட்டியை சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து வால்டாக்ஸ் ரோடு வழியாக, தேங்காய் உடைத்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்று சொல்வதுண்டு. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். இதைக் கேட்டு இன்று சிரிக்கிறோம். ஆனால் உங்கள் பாட்டி முணுமுணுக்கும் பாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். காளிதாசன் கதையில் காந்தியின் ராட்டினத்துக்கு என்ன வேலை? மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய அந்தப் பாட்டு நாடக மேடையின் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தது. மேடையில் புராண நாடகத்தின் நடுவே தேசியப் பாட்டு வரும், கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்கும். அந்த மேடையையே ராஜலட்சுமி பம்பாய்க்குத் தூக்கிக்கொண்டு போனார். தற்செயலாக அகப்பட்டவரால் இது முடியுமா?

1933இல் 'வள்ளி திருமணம்'. இத்தனை வருஷம் மேடையில் பாடிய அதே வள்ளி. படம் பிடிக்கும்போதே பாடவேண்டிய காலம். மைக்கைப் படத்தில் தெரியாமல் மறைத்து வைப்பார்கள், வாத்தியக்காரர்களும் கேமராவுக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். நடுவில் பிசகினால் முதலிலிருந்து எடுக்கவேண்டும். பழகாதவர்களை நடுங்கவைத்த வேலை. ஒத்திகையே இல்லாமல் தர்க்கம் பாடி வளர்ந்தவருக்கு இதில் என்ன பயம்?

அதோடு நிற்கவில்லை. தாம் எழுதிய 'கமலவல்லி' நாவலை 1936இல் 'மிஸ் கமலா' என்ற பெயரில் தாமே தயாரித்து, இயக்கி, நடித்தார். தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண். அவர் வசனத்தை யாரோ பேசிய காலம் போய் ஏழே வருஷம். பிறர் வசனத்தையும் அவரே எழுதும் இடத்துக்கு வந்துவிட்டார். இந்த ஏழு வருஷத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு விம்முகிறது.

1938இல் 'நந்தகுமார்' வந்தது. அதில் யசோதை இவர். அந்தப் படத்தில் தேவகியாக நடித்தவருக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். தமிழில் பின்னணிப் பாட்டு அங்கேதான் தொடங்கியது என்பார்கள். பாடத் தெரிந்தால்தான் கதாநாயகி என்ற நிலை போய் முகம் வேறு, குரல் வேறு ஆன காலத்தின் வாசலில் ராஜலட்சுமியும் நின்றிருக்கிறார்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. 'காளிதாஸ்' பிரதி இல்லை. 'மிஸ் கமலா' இல்லை. தென்னிந்திய ஊமைப்படங்களில் புனே ஆவணக் காப்பகத்தில் மிஞ்சியிருப்பது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். அதில் இவர் இல்லை. தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போனால் அந்தக் காலப் பாட்டுப் புத்தகங்களைப் பார்க்கலாம். கொட்டகை வாசலில் விற்ற சின்னப் புத்தகங்கள். தாளைப் பார்த்துத் திருப்பவேண்டும், தொட்டால் உதிரும். அவற்றில் வரிகள் இருக்கும், ராகமும் தாளமும் போட்டிருக்கும். அவர் எப்படிப் பாடினார் என்பது இருக்காது.

அதனால் ஒரு வேண்டுகோள். பாட்டி அடுத்த முறை அந்தப் பாட்டை முணுமுணுக்கும்போது உங்கள் செல்போனில் பதிவு செய்யுங்கள். முழுப்பாட்டும் வேண்டாம், நினைவிருக்கும் இரண்டு வரி போதும். அவர் அம்மா அதை எந்த ஊரில், எந்தக் கொட்டகையில் கேட்டார் என்றும் கேட்டு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.