ஆயின்மென்ட் கேட்டது, க்ரீம் கேட்கவில்லை: ஏன்?

கேள்வி: எனக்கு 52 வயது. இடது கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அளவுக்குத் தோல் தடித்து, கறுத்து, சொரிந்து சொரிந்து யானைத்தோல் மாதிரி ஆகிவிட்டது. தோல் மருத்துவர் மொமெட்டசோன் ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்தார். இரவில் ஒருவேளை பூசினேன். மூன்று வாரத்தில் அரிப்பு நின்றது, தடிப்பும் குறைந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி வந்துவிட்டது. பழைய சீட்டைக் கடையில் காட்டினேன். அதே மருந்து, அதே 0.1 சதவீதம் என்று க்ரீம் கொடுத்தார்கள். "ரெண்டும் ஒண்ணுதாம்மா, இதுல பிசுபிசுப்பு இருக்காது" என்றார் கடைக்காரர். ஆயின்மென்ட் சேலையில் கறை பிடிக்கும் என்பதால் எனக்கும் அது வசதியாகப்பட்டது. ஆனால் ஒரு மாதமாகப் பூசியும் கேட்கவில்லை, எரிச்சல் வேறு. எரிச்சலுக்காகத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போடுகிறேன். இது போலி மருந்தா? இவ்வளவு லேசான க்ரீம் என்றால், எட்டு மாதப் பேரனுக்கு டயாப்பர் போட்டுச் சிவந்த இடத்தில் பூசலாமா என்று மருமகள் கேட்கிறாள். பூசலாமா?
- வாசகி, கரூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். பேரனுக்குப் பூச வேண்டாம். ஏற்கெனவே பூசியிருந்தால் இன்றோடு நிறுத்திவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் க்ரீம் போலியாக இருக்கும் என்று நான் சந்தேகப்படவில்லை. உண்மையான மருந்தே இப்படித்தான் நடந்துகொள்ளும். நம் ஊரில் டியூபைப் பிதுக்கினால் வருவது எதுவானாலும் அதற்குப் பெயர் ஆயின்மென்ட்தான். தோலுக்கு மருந்து எழுதுகிறவர்களுக்கு அப்படி இல்லை. ஆயின்மென்ட் என்றால் பெரும்பாலும் வாசலின் போன்ற கொழுப்புப் பசை. அதில் தண்ணீர் அநேகமாக இருக்காது. க்ரீம் என்றால் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் கலந்து வைத்த குழம்பு. லோஷன் அதைவிட நீர்த்தது. ஜெல் வழுவழுப்பாக இருக்கும், பூசியதும் காய்ந்துவிடும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 கிராம் டியூபில் 0.1 சதவீதம் என்றால் மொமெட்டசோன் இருப்பது 15 மில்லிகிராம்தான். மீதி 14.985 கிராமும் அதைச் சுமக்கிற பசை. நாம் டியூபில் அந்த 0.1-ஐ மட்டும் படித்துவிட்டு, மிச்சத்தை வெறும் மாவு என்று நினைத்துவிடுகிறோம்.

அந்தப் பசை என்ன செய்கிறது என்று தெரிய, தோல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தோலின் மேலே இருப்பது இறந்த செல்களால் ஆன ஒரு படலம். உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கைத் தாண்டாது. நோட்டுப் புத்தகத் தாளைவிடப் பல மடங்கு மெல்லியது. ஆனால் கட்டுமானம் கெட்டி. செங்கல்லை அடுக்கி இடையில் சாந்து பூசியது போல, செல்களுக்கு நடுவே கொழுப்பு நிரம்பியிருக்கிறது. நீங்கள் பூசும் மருந்து உள்ளே போவது பெரும்பாலும் அந்தச் சாந்து வழியாகத்தான், வளைந்து நெளிந்து.

வாசலின் அந்தச் சுவரின் மேல் தார்ப்பாய் விரித்தது போல மூடிக்கொள்கிறது. தோலிலிருந்து இயல்பாக ஆவியாகிப் போகும் ஈரம் போக வழியில்லாமல் படலத்திலேயே தங்கும். சாதாரணமாக அந்தப் படலத்தில் 10 முதல் 20 சதவீதம் வரை இருக்கும் தண்ணீர், காற்றே புகாமல் மூடி வைத்தால் 50 சதவீதம் வரைகூட ஏறும். ரொம்ப நேரம் துணி துவைத்தால் விரல் நுனி ஊறிச் சுருங்குகிறதே, அது போலத்தான். ஊறிய தோல் மருந்துக்கு வழி விடும். உங்கள் கணுக்காலில் இருப்பது தடித்து வறண்ட தோல், அதனால் அதற்கு இந்த ஊறல்தான் முக்கியம். முதல் தடவை மூன்று வாரத்தில் கேட்டதற்கு மருந்து பாதிக் காரணம் என்றால், பசை மீதிக் காரணம்.

இதற்கு அளவும் உண்டு. மொமெட்டசோனைக் காயமில்லாத தோலில் பூசி, மூடாமல் எட்டு மணி நேரம் விட்டுப் பார்த்ததில், ஆயின்மென்டிலிருந்து ரத்தம் வரை போய்ச் சேர்ந்தது பூசியதில் சுமார் 0.7 சதவீதம், க்ரீமிலிருந்து சுமார் 0.4 சதவீதம். மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு, அதாவது தோலின் அழற்சியை அடக்கும் மருந்து. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை அமெரிக்காவில் ஏழு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், முதல் வகுப்புதான் அதிக வீரியம். அந்த வரிசையில் மொமெட்டசோன் 0.1 ஆயின்மென்ட் இரண்டாம் வகுப்பில் இருக்கிறது, அதே 0.1 க்ரீம் நான்காம் வகுப்பில். ஆக, கடையில் உங்களுக்குக் கிடைத்தது பெயர் மாறாத, வீரியம் குறைந்த மருந்து.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் ஃப்ளூட்டிக்கசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு. அதன் க்ரீம் 0.05 சதவீதம், ஆயின்மென்ட் 0.005 சதவீதம். ஆயின்மென்டில் மருந்து பத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. ஆனால் வீரிய வரிசையில் ஆயின்மென்ட் மூன்றாம் வகுப்பு, க்ரீம் ஐந்தாம் வகுப்பு! எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர் இதைத் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வார். மருத்துவ மாணவர்களுக்கு இதைச் சொன்னால் அச்சுப்பிழை என்பார்கள்.

அதற்காக ஆயின்மென்ட் என்றாலே வீரியம், க்ரீம் என்றாலே சொத்தை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குளோபெட்டசால் 0.05 சதவீதம் க்ரீமானாலும் ஆயின்மென்டானாலும் முதல் வகுப்புதான். மருந்துக்கும் பசைக்கும் உள்ள உறவு அப்படி. மருந்து பசையில் ரொம்பச் சுகமாகக் கரைந்துவிட்டால் வெளியே வராது. மாமியார் வீட்டில் விருந்து பலமாக இருந்தால் மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்புவாரா? கரைந்தும் கரையாமலும், இனி இங்கே இடமில்லை என்ற நிலையில் வைத்தால்தான் தோலுக்குள் இறங்கப் பார்க்கும். மருந்து தயாரிப்பவர்கள் புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற கரைப்பான்களை அளந்து சேர்ப்பது இதற்காகத்தான். பீட்டாமெத்தசோன் டைபுரோப்பியோனேட்டின் சதவீதத்தைத் தொடாமல், பசையை மட்டும் மாற்றியே ஒரு வகுப்பு மேலே ஏற்றியிருக்கிறார்கள். ஆல்கஹால் கலந்த ஜெல்லில் இன்னொரு வித்தை. பூசியதும் ஆல்கஹால் ஆவியாகிவிட, மிஞ்சிய துளியில் மருந்து செறிந்து நிற்கும். அதனால் சில ஜெல்கள் ஆயின்மென்டுக்கு இணையாக வேலை செய்யும்.

இப்போது உங்கள் தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். எரிச்சலைக் குறைக்க நினைத்தது நியாயம். க்ரீமில் தண்ணீர் இருப்பதால் கிருமி வளராமல் இருக்கப் பதப்பொருள் சேர்த்தாக வேண்டும். அதுவும் கரைப்பானும் சொரிந்து கீறிய தோலில் சுரீர் என்று எரியும். சிலருக்கு அந்தப் பதப்பொருளே ஒவ்வாமையாகி, கரப்பானுக்குப் போட்ட மருந்தே கரப்பானைக் கிளப்பிவிடும். ஆயின்மென்டில் தண்ணீர் இல்லாததால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் உள்ளங்கையில் எண்ணெயோடு குழைக்கும்போது, தொழிற்சாலையில் அளந்து அமைத்த கலவை குலைந்துபோகிறது. பாதிக்குப் பாதி எண்ணெய் சேர்த்தால் வீரியமும் சரியாகப் பாதியாகும் என்பதும் இல்லை. கூடலாம், குறையலாம், ஒவ்வொரு நாளும் மாறலாம். தேங்காய் எண்ணெய் பூச ஆசையாக இருந்தால் தனியாகப் பூசுங்கள், மருந்துக்கும் அதற்கும் அரை மணி நேரமாவது இடைவெளி விட்டு.

பேரன் விஷயம். கணுக்காலில் கேட்காத க்ரீம் லேசானது, குழந்தைக்கு ஆகும் என்று உங்கள் மருமகள் நினைத்தது இயல்புதான். ஆனால் ஒரே க்ரீம் உடம்பில் இடத்துக்கு இடம் வேறு ஆளாகிவிடும். 1967-இல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இருவர் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஆண்களின் உடம்பில் பல இடங்களில் பூசி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் பூசியதில் உள்ளே போனது சுமார் 1 சதவீதம். அதை ஒன்று என்று வைத்தால், கணுக்காலில் 0.42. முன்கையில் பாதிகூட இல்லை. நெற்றியில் 6, தாடையோரம் 13, விதைப்பையில் 42. கணுக்காலோடு ஒப்பிட்டால் நூறு மடங்கு!

அதுவும் வளர்ந்த ஆண்களின், மூடாத தோலில். உங்கள் பேரனுக்கு எட்டு மாதம். எடைக்கு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு நம்மைவிட மிக அதிகம். தோலோ ஏற்கெனவே சிவந்து நைந்திருக்கிறது. அதன்மேல் டயாப்பர். பிளாஸ்டிக் உறையால் மூடிவிட்டால் ஸ்டீராய்டு உள்ளே போவது நூறு மடங்கு வரை கூடலாம் என்று மெக்கென்சி என்ற ஆய்வாளர் 1962-லேயே காட்டினார். டயாப்பரும் ஒரு பிளாஸ்டிக் உறைதானே. இப்படி டயாப்பர் பகுதியில் வீரியமான ஸ்டீராய்டு பூசிப் பூசி, முகம் உப்பி, வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

டயாப்பர் சிவப்புக்கு முதல் வைத்தியம் டயாப்பரைக் கழற்றுவது. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் பருத்தித் துணியே போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, துத்தநாக ஆக்ஸைடு கலந்த பசையைக் கனமாகப் பூசுங்கள். அது உள்ளே போவதற்காக அல்ல, மூத்திரமும் மலமும் தோலில் படாமல் தடுப்பதற்காக. இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலோ, சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொட்டுகள் தெரிந்தாலோ பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு.

சரி, உங்கள் கணுக்காலுக்கு என்ன செய்வது? பழைய சீட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போகாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதத்தில் திரும்ப வந்திருக்கிறது. இது அதே தடிப்புதானா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். ஓரம் வளையமாகப் பரவியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், ஸ்டீராய்டு அதை மறைத்து வளர்த்துவிடும். காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தாலோ, மாலையில் கால் வீங்கினாலோ அதையும் சொல்லுங்கள். கணுக்கால் அரிப்புக்கு ரத்த ஓட்டம் காரணமாக இருப்பது உண்டு. அப்படியானால் எந்த டியூபும் நிரந்தரமாகக் கேட்காது.

அவர் மறுபடி ஆயின்மென்ட் எழுதினால், டியூபின் மேல் மருந்துப் பெயருக்கு அடுத்த சொல்லைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். இருப்பு இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள், இல்லையென்றால் மருத்துவரிடம் போன் செய்து கேளுங்கள். கம்பெனி மாறினால் எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆயின்மென்ட் க்ரீமாக மாறினால் அது வேறு மருந்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அளவும் முக்கியம். ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை பரப்புக்குப் போதும். உங்களுக்கு அதில் பாதி, இரவில் ஒருவேளை. சீக்கிரம் கேட்கட்டும் என்று மேலே பாலித்தீன் சுற்றாதீர்கள். மருத்துவர் சொன்னால் சுற்றலாம், அதுவும் நாள் கணக்கோடுதான்.

பிசுபிசுப்பு பற்றிய உங்கள் வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பயிற்சிக் காலத்தில் ஒருவருக்குத் தலையில் காளாஞ்சகப் படைக்கு (சோரியாசிஸ்) ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்து, நாலு ஷாம்பு பாக்கெட் போட்டும் போகவில்லை, ஆபீசில் எல்லோரும் கேலி செய்கிறார்கள் என்று என்னைத் திட்டித் தீர்த்தார். மருந்தை இரண்டாம் நாளே நிறுத்தியிருந்தார். அதன்பிறகு தலைக்கு லோஷன்தான் எழுதுகிறேன். தொடையிடுக்கில் வேர்க்கிற ஆளுக்கும், நீர் கசிகிற புண்ணுக்கும் ஆயின்மென்ட் ஆகாது. புழுங்கிப் போய்ப் பரு கிளம்பும். பூசாமல் அலமாரியில் இருக்கிற வீரியமான மருந்தைவிடத் தினமும் பூசுகிற சுமாரான மருந்து மேல் என்பதால், ஆயின்மென்ட் உங்களுக்கு நிஜமாகவே தொந்தரவு என்றால் அதை மருத்துவரிடமே சொல்லுங்கள். அதே வீரியத்தில் வேறு க்ரீமை அவர் தேர்ந்தெடுக்க முடியும்.

ஆயின்மென்டே என்றால், இரவுச் சாப்பாட்டு வேலையெல்லாம் முடிந்து படுக்கப் போகும்போது பூசுங்கள். கால் மணி நேரம் விட்டு, பழைய பருத்திக் காலுறை ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். வாசலின் ஊறிய துணி தீயைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும், அதனால் அந்தக் காலுறையோடு அடுப்பங்கரைக்குப் போக வேண்டாம். சேலையில் ஏற்கெனவே பிடித்திருக்கும் கறைக்குத் தண்ணீர் படுவதற்கு முன்பே பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, பிறகு துணி தாங்குகிற சூட்டில் அலசிப் பாருங்கள்.