எவோராவின் 14 தூண்கள்

கேள்வி: போர்ச்சுகலில் லிஸ்பனிலிருந்து ஒரே நாளில் எவோரா நகருக்குப் போய் ரோமானியக் கோயிலைப் பார்த்துத் திரும்ப முடியுமா? – வாசகர், கோவை

பதில்: தாராளமாக முடியும். சுமார் 130 கி.மீ.; ரயிலில் ஒன்றரை மணி நேரம். ரயில்கள் குறைவு என்பதால் திரும்பும் டிக்கெட்டையும் முன்பே எடுத்துவிடுங்கள், தவறவிட்டால் பஸ்தான். ஜூலை, ஆகஸ்டில் நடுப்பகல் வெயில் கொளுத்தும், காலையிலேயே போங்கள்.

வெளியே நின்று பார்க்கக் கட்டணமில்லை. கோயிலில் எஞ்சி நிற்கும் 14 தூண்களில் ஒன்றை நிதானமாகப் பாருங்கள்: வரிவரியாகச் செதுக்கிய உடல் கிரானைட், அடியும் இலை விரிந்த உச்சியும் எஸ்ட்ரெமோஸ் ஊர்ப் பளிங்கு. இடைக்காலத்தில் தூண்களுக்கிடையே சுவரெழுப்பினார்கள். 1836 வரை உள்ளே இறைச்சிக்கடைகூட நடந்தது. வருத்தமாகத் தோன்றும், ஆனால் அந்தச் சுவர்தான் தூண்களைச் சாயாமல் காத்தது. ரோமானிய வேட்டைத் தெய்வத்தைக் குறிக்கும் ‘டயானா கோயில்’ என்பது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். ரோமானியப் பேரரசரைத் தெய்வமாக வழிபடவே கட்டப்பட்டது என்பதுதான் ஆய்வாளர் கருத்து.