மேனுவல் கியர் ஸ்போர்ட்ஸ் காரை டிராக் ஸ்ட்ரிப்பில் லாஞ்ச் செய்யக் கற்றுக்கொள்வது எப்படி?

கேள்வி கேட்டவரிடம் இருப்பது பின்சக்கர டிரைவ், ஆறு கியர் மேனுவல் கார். முதல் தடவையாக டிராக் ஸ்ட்ரிப்புக்கு, அதாவது நேர்கோட்டில் கால் மைல் ஓடும் பந்தயத் தளத்துக்குப் போகப்போகிறாராம். அங்கே நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளம்புவதுதான் லாஞ்ச். "எத்தனை ஆர்பிஎம்மில் கிளட்சை விடணும்?" என்று கேட்டிருக்கிறார். ஆர்பிஎம் என்பது எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகள். இதற்கு ஆளுக்கொரு எண் சொல்வார்கள். 2,500 என்பார் ஒருவர், 4,000 என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அவரவர் கார், அவரவர் டயர், அன்றைய தரை. உங்கள் எண்ணை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான வழி ஓடி முடித்ததும் கையில் கொடுக்கும் டைம் ஸ்லிப்பில் இரண்டாவது வரியாக அச்சாகி வரும்.

நான் இருப்பது கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ பக்கம். வண்டி 2008 கார்வெட், 6.2 லிட்டர் எல்எஸ்3 எஞ்சின், 430 குதிரைத்திறன். சொனோமா ரேஸ்வேயில் புதன்கிழமை மாலைகளில் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். நான் கற்றுக்கொண்டது அங்கேதான். கிளம்பும்போது எஞ்சினைத் தானே பார்த்துக்கொள்ளும் லாஞ்ச் கன்ட்ரோல் கார்வெட்டின் மேனுவல் வண்டிகளுக்கு 2010 மாடலில்தான் வந்தது. ஆகவே என் வண்டியில் எல்லாமே கால்கள் பார்க்கும் வேலை.

அந்த ஸ்லிப்பை முதலில் படிக்கத் தெரிய வேண்டும். மேலே இருப்பது ரியாக்‌ஷன் டைம். அதற்கடுத்து 60 அடியைக் கடந்த நேரம், அப்புறம் 330 அடி, எட்டில் ஒரு மைல், 1,000 அடி, கடைசியில் கால் மைல், அதாவது 1,320 அடி. கடைசி 66 அடியில் எடுத்த சராசரி வேகமும் கூடவே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கடைசி வரியைத்தான் பார்ப்பார்கள். வண்டிகளை நிறுத்தி வைக்கும் பிட்டில் பழைய கமாரோ கார் ஒன்றோடு வந்திருந்த பெரியவர் ஒருவர் என் ஸ்லிப்பை வாங்கி, மற்ற வரிகளையெல்லாம் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "இன்னைக்கு ராத்திரி முழுக்க இதை மட்டும் பார்" என்று 60 அடி வரியைக் காட்டினார். எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் உருப்படியானது அதுதான்.

ஏன் என்பதற்கு என் ஸ்லிப்புகளையே சொல்கிறேன். ஆரம்பத்தில் 60 அடி 2.31 விநாடி, கால் மைல் 12.94, வேகம் மணிக்கு 115 மைல். கொஞ்சம் பழகிய பிறகு 60 அடி 2.02, கால் மைல் 12.47. வேகம்? அதே 115. எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. முதல் 60 அடியில் மிச்சமான 0.29 விநாடி கடைசியில் ஏறக்குறைய அரை விநாடியாக வளர்ந்து நிற்கிறது. முனையில் காட்டும் வேகம் எஞ்சின் பலத்தைச் சொல்லும், 60 அடி நேரம் ஓட்டுபவரைச் சொல்லும். இதைப் புரிந்துகொண்டால் எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர் என்று வீணாகப் போகும் காசு கொஞ்சமாவது தப்பும்.

சரி, அந்த 60 அடியில் என்னதான் நடக்கிறது? என் வண்டியில் முதல் கியர் 2.66, பின் ஆக்ஸில் 3.42. எஞ்சின் 2,500 ஆர்பிஎம்மில் இருக்கும்போது கிளட்ச் முழுதாகப் பிடித்தால் வண்டி மணிக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டரில் போயாக வேண்டும். ஆனால் வண்டி நின்றுகொண்டிருக்கிறது. சுழியத்திலிருந்து 35 வரும்வரை ஏதாவது ஒன்று வழுக்கித்தான் ஆக வேண்டும்: கிளட்ச் அல்லது டயர். கிளட்சைப் பட்டென்று விட்டால் அந்த வேலை டயர் தலையில் விழும், புகை வரும், பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள், 60 அடி 2.4 ஆகிவிடும். கிளட்சைக் கொஞ்சம் வழுக்க விட்டால் டயர் தரையைப் பிடித்துக்கொள்ளும். லாஞ்ச் என்பது இவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம்மூரில் வண்டி பழகியவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. பாலத்து மேட்டில், பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு நிற்க, ஹாஃப் கிளட்சில் அம்பாசிடரை நிறுத்திப் பழகிய இடது காலுக்கு இது புது வித்தை இல்லை. கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் அதே கடிக்கும் புள்ளிதான், கூடவே 430 குதிரை.

நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன். வரிசையில் நிற்கும்போதே ஏசியை அணைத்துவிடுவேன். அதிலிருந்து சொட்டும் தண்ணீர் லைனில் விழுந்தால் அடுத்து வருபவருக்கு ஆபத்து. முன்னால் தண்ணீர் தேங்கிய பர்ன்அவுட் இடம் வரும், பந்தய டயரைச் சுழற்றிச் சூடாக்கும் இடம் அது. சாலை டயரோடு அதற்குள் இறங்கவே கூடாது. டயர் வரிப்பள்ளங்கள் தண்ணீரை அள்ளிக்கொண்டு நேராக ஸ்டார்ட்டிங் லைனில் கொட்டும். சுற்றிப் போய், தாண்டியதும் ஒரு விநாடி டயரைச் சுழற்றி ஒட்டியிருக்கும் தூசியைத் தட்டிவிட்டால் போதும். லைன் பக்கத்தில் தரை முழுக்கப் பசை அடித்திருப்பார்கள். நடந்து பார்த்தால் ஷூ அடிப்பாகம் பிய்ந்து வருகிற மாதிரி இழுக்கும். அதை நம்பித்தான் எல்லாமே.

அப்புறம் கிறிஸ்துமஸ் மரம் என்று அவர்கள் சொல்லும் விளக்குக் கம்பம். மெதுவாக உருட்டிக்கொண்டே வந்தால் மேலே முதல் விளக்கு எரியும், அது பிரீஸ்டேஜ். அங்கிருந்து ஊர்ந்து போய், இரண்டாவது விளக்கு எரிந்த கணத்தில் நிறுத்துங்கள். ஓர் அங்குலம்கூட அதிகம் வேண்டாம். இந்த விளக்குகளை எரியவைப்பது தளத்துக்குக் குறுக்கே போகும் ஒளிக்கதிர்கள். முன்டயர் இரண்டாவது கதிரை விட்டு வெளியே போனால்தான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். முன்னதாகவே நின்றால் ஏறத்தாழ ஓர் அடி தூரம் இலவசமாக உருளலாம்.

இன்னொரு முக்கியமான சங்கதி. கால் மைல் நேரத்தில் ரியாக்‌ஷன் டைம் சேராது. பச்சை விளக்கு எரிந்து நீங்கள் அரை விநாடி யோசித்துக் கிளம்பினாலும் 60 அடி நேரம் கெடாது. பந்தயத்தில் தோற்பீர்கள், அது வேறு கதை. கற்றுக்கொள்ளும்போது மூன்று மஞ்சள் விளக்கும் அரை அரை விநாடி இடைவெளியில் இறங்கி வரட்டும், பச்சை நன்றாக எரியட்டும், பக்கத்து லேன்காரர் போய்த் தொலையட்டும். அவரைத் திரும்பிப் பார்த்தால் வலது கால் தானாகவே கனமாகிவிடும்.

டிராக்‌ஷன் கன்ட்ரோலை (டயர் வீணாகச் சுழலாமல் தடுக்கும் அமைப்பு) அணைத்துவிட்டு, ஆர்பிஎம்மை 2,000 பக்கம் பிடித்து நிறுத்தி, கிளட்சைக் கடிக்கும் புள்ளி வரை சீக்கிரம் கொண்டுவருவேன். அங்கே இடது கால் ஒரு கணம் தயங்க வேண்டும். வண்டி நகர நகர மிச்சத்தை விட வேண்டும், அதற்கு ஈடாக வலது காலை இறக்கிக்கொண்டே போக வேண்டும். கிளட்ச் முழுதாகப் பிடித்த பிறகும் ஆக்சிலரேட்டரை உடனே தரையில் அழுத்திவிடாதீர்கள். முதல் கியரில் பாதி தூரம் போன பிறகுதான் முழு அழுத்தம்.

தவறு நடந்தால் வண்டியே சொல்லும். கிளம்பியதும் ஆர்பிஎம் சரிந்து வண்டி முக்கினால் எண் குறைவு, அடுத்த தடவை 200, 300 கூட்டுங்கள். ஆர்பிஎம் முள் பறந்து, சத்தம் மட்டும் போய் வண்டி போகாமல் பின்பக்கம் லேசாக ஆடினால் எண் அதிகம், அல்லது கிளட்சை அவசரமாக விட்டிருக்கிறீர்கள். பின்னால் தடதடவென்று வண்டியே உதறுகிறதா? அது வீல் ஹாப். டயர் பிடித்துப் பிடித்து விடுகிறது. அந்த நொடியே காலை எடுங்கள், அந்த ஓட்டம் போனால் போகட்டும். டிஃபரன்ஷியலும், அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஹாஃப் ஷாஃப்டும் உடைவது பெரும்பாலும் இந்த உதறலில்தான்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆர்பிஎம்மையும் டயர் காற்றையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது. ஒவ்வொரு ஸ்லிப்பின் பின்னாலும் ஆர்பிஎம், டயர் பிரஷர், மணி என்ன என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மணி எதற்கு என்றால், சொனோமா ரேஸ்வே ஒரு வளைகுடாவை ஒட்டி, கடல்மட்டத்துக்கு அருகில் இருக்கிற இடம். பொழுது சாய்ந்ததும் குளிர்காற்று வரும், எஞ்சினுக்குக் கொண்டாட்டம். ஆனால் தரையும் குளிர்ந்துபோகும், பசையின் பிடிமானம் குறையும். ஆறு மணிக்கு ஒத்துவந்த 2,600 ஒன்பது மணிக்கு டயரைச் சுழற்றிவிடும். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அப்போது காரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஓட்டம் முடிந்ததும் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் வேகம் தணிய விட்டுத் திரும்புங்கள். அடுத்த ஓட்டத்துக்கு உடனே வரிசையில் ஓடாதீர்கள். கிளட்ச் கருகிய வாடை வந்தால் பானட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் உட்காருங்கள். சூடான கிளட்ச் கடிக்கும் புள்ளியே இடம் மாறிவிடும், கற்ற கணக்கெல்லாம் குழம்பிவிடும். கிளட்ச் திரவம் கறுத்திருந்தால் போவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் மறக்க வேண்டாம். அமெரிக்காவில் இந்தப் பந்தயங்களை நடத்தும் அமைப்பான என்எச்ஆர்ஏ விதிப்படி 13.99 விநாடியிலோ அதைவிட வேகமாகவோ ஓடும் வண்டிக்கு அது கட்டாயம், உங்கள் கார் அதற்குள் வந்துவிடும் என்றே நினைக்கிறேன். வேலைக்குப் போடும் ஷூவில் வராதீர்கள், மெல்லிய அடிப்பாகம் உள்ளதாக இருக்கட்டும், கிளட்ச் எங்கே கடிக்கிறது என்று பாதத்துக்குத் தெரிய வேண்டும்.

டிராக் ரேடியல் என்னும் ஒட்டும் டயர் வாங்கலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். வாங்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். ஒட்டும் டயர் வழுக்காது. அப்போது எல்லா அடியையும் கிளட்சும் ஆக்ஸிலும் வாங்கும். சாலை டயரில் ஏற்படும் தவறுக்குக் கொஞ்சம் ரப்பர்தான் விலை, அதே தவறை டிராக் ரேடியலில் செய்தால் இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டியிருக்கும். இருக்கிற டயரில் 60 அடி நேரம் தொடர்ந்து 2.1-க்குக் கீழே வரட்டும், அப்புறம் பேசலாம்.