பூச்சுக்குள் வோட்டர் புரூபிங் மருந்து விடலாமா?

கேள்வி: உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட வீடு கட்டுகிறோம். பக்கத்தில் அக்காவின் வீடு கட்டி ஏழு வருசம்தான், அதற்குள் வெளிப்பூச்சு உப்புப் பூத்துக் கொட்டுகிறது, வாசல் தூணில் கம்பி கறள் பிடித்துக் கொங்கிரீட் வெடித்துவிட்டது. கலவைக்குள் வோட்டர் புரூபிங் மருந்து விட்டால் இப்படி வராது என்கிறார் மேசன். விடலாமா?
– வாசகி, திருகோணமலை

பதில்: விடுங்கள், காசு வீண் போகாது. காய்ந்த கொங்கிரீட்டுக்குள் நுண்துளைகள் ஏராளம், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல அவை மழைத்தண்ணீரை இழுக்கும், அதோடு கடல் உப்பும் போய்க் கம்பியைத் தொடும், கறள் இரும்பை விடக் கூடுதலாக இடம் பிடிப்பதால் தூண் வெடிக்கும். அக்கா வீட்டில் நடந்தது இதுதான். இந்த மருந்துகள் பலவற்றில் இருப்பது ஸ்டியரேட் என்ற கொழுப்பு வகை. அது துளைகளின் உட்சுவரில் படிந்து, சேம்பிலையில் தண்ணீர் ஒட்டாமல் உருள்கிற மாதிரி ஆக்கிவிடும். துளை அடைபடாததால் சுவருக்குள் உள்ள ஈரம் ஆவியாக வெளியேறவும் வழி இருக்கும்.

ஆனால் உறிஞ்சுவதைத்தான் இது தடுக்கும். மார்கழி மழையில் சிலாப்பில் தேங்கும் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் அழுத்தத்தோடு உள்ளே தள்ளும், அதற்கு இது காணாது. வெடிப்புக்கும் உதவாது.

மருந்து விட்டாச்சுதானே என்று மற்றதைக் கைவிடுவதுதான் எனக்குக் கவலை. ஒரு வேலைத்தளத்தில் பார்த்தேன், மருந்தைப் போத்தல் மூடியால் கவனமாக அளந்தார்கள், தண்ணீரையோ ஹோஸால் கண்மதிப்பில் விட்டார்கள், கொங்கிரீட் கஞ்சி மாதிரி ஓடியது! 50 கிலோ சீமெந்துப் பைக்கு, மணலின் ஈரத்தையும் சேர்த்து, 25 லீற்றருக்கு மேல் போக விடாதீர்கள். மேலதிகத் தண்ணீர் காய்ந்துபோன இடமெல்லாம் துளைதான். மருந்தையும் போத்தலில் எழுதிய அளவுக்கு மேல் விடவேண்டாம், கூடினால் காற்றுக் குமிழி சேர்ந்து வலிமை குறையும். பூச்சு இரண்டு தடவை என்றால் முதல் பூச்சை ஈரமாக இருக்கும்போதே கீறிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரை விலக்கும் அந்த முகத்தில் அடுத்தது சரியாகப் பிடிக்காது.

தூணில் கம்பிக்கு வெளியே 40 மில்லிமீற்றராவது கொங்கிரீட் இருக்கவேண்டும், பிறகு ஏழு நாளாவது ஈரச்சாக்கு சுற்றி வைத்திருக்கவேண்டும்.

அப்புறம் மணல். கடற்கரை மணல் கலந்திருந்தால் உப்பு வெளியிலிருந்து வரவே தேவையில்லை, கலவையோடே கம்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும், எந்த மருந்தாலும் பிறகு ஒன்றும் செய்ய ஏலாது. லோட் இறக்க முன்பே ஒரு பிடி மணலை நல்ல தண்ணீரில் கலக்கி, தெளிந்ததும் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் இறக்கவே விடாதீர்கள்.