அடுத்த வருஷத்து விதை

கேள்வி: சென்ற இதழில் மரபணு மாற்றக் கடுகை எதிர்த்து எழுதியிருந்தீர்கள். பி.டி. பருத்தி, அதாவது காய்ப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணுவை உள்ளே வைத்த பருத்தி, வந்த பிறகு மகசூல் கூடியது ஊரறிந்த விஷயம். பங்களாதேஷ் விவசாயி பி.டி. கத்திரி போடுகிறார், நாம் 2010லிருந்து அதற்குத் தடை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். விஞ்ஞானத்தைக் கண்டு உங்களுக்கு ஏன் இந்தப் பயம்? சென்னையில் உட்கார்ந்துகொண்டு விவசாயிக்கு எது நல்லது என்று நீங்கள் முடிவு செய்யலாமா?
- வாசகர் ஒருவர், பெரம்பூர்

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சென்னையில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாதுதான். ஆனால் விதையைப் பற்றிய பல காகிதங்கள் நகரத்தில்தான் நகர்கின்றன. கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. தரமணியில் தேசியப் பல்லுயிர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் அதே பி.டி. கத்திரிக்காக உள்ளூர்க் கத்திரி ரகங்களை முறையான அனுமதி இல்லாமல் எடுத்ததாகப் புகார் வந்தபோது, மஹிகோ என்ற விதை நிறுவனம் உள்ளிட்டோர் மீது சட்ட நடவடிக்கை எடுப்பதென்று 2011ல் முடிவு செய்தது அந்த ஆணையம்தான். அந்தக் கத்திரியை நிறுத்திவைக்கும் முன்பு அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். அந்த ஏழில் சென்னை இல்லை. எனவே சென்னைவாசிகள் இதில் பேசக் கூடாது என்பதை என்னால் ஏற்க முடியாது. இவ்வளவு நாள் போதிய அளவு பேசவில்லை என்பதுதான் என் குறை.

அடுத்து, பயம். எனக்கு அந்தப் பயம் இல்லை. அர்ஜென்டினாவிலிருந்து வரும் சோயா எண்ணெய் பெரும்பாலும் மரபணு மாற்றச் சோயாவிலிருந்து எடுத்தது. நம் ஊர் மாடு தின்னும் பருத்திப் புண்ணாக்கு பி.டி. பருத்திக் கொட்டையிலிருந்து வந்தது. 2021ல் கோழித் தீவனத்துக்காக 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. நீங்களும் நானும் இந்தச் சங்கிலிக்குள் எப்போதோ வந்துவிட்டோம். மரபணு மாற்றப் பயிரைத் தின்றால் செத்துப்போவோம் என்று வந்த கட்டுரைகளை இந்த இதழில் போட மறுத்திருக்கிறேன். சோதனை முடிவுகள் முழுவதும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்பது மட்டுமே அந்த விஷயத்தில் என் கோரிக்கை.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். ‘பி.டி. விதை மலட்டு விதை, எடுத்து வைத்தால் முளைக்காது’ என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். உண்மை அதுவல்ல. விதையை மலடாக்கும் தொழில்நுட்பத்துக்கு 1998ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள், உலகம் முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது, அது கடைக்கு வரவே இல்லை. பி.டி. பருத்திக் கொட்டையை எடுத்து ஊன்றினால் முளைக்கும். ஆனால் இந்தியாவில் விற்கும் பி.டி. பருத்தி அனேகமாக எல்லாமே ஒட்டு விதை, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய விதை. அதன் அடுத்த தலைமுறையில் ஒரு செடி நெட்டையாக நிற்கும், இன்னொன்று குட்டையாக நிற்கும். காய் ஒரு சீராக வராது, பி.டி. குணமும் எல்லாச் செடியிலும் இருக்காது. அதனால் விவசாயி வருஷா வருஷம் கடைக்குப் போகிறார். இந்த ஒட்டுப் பருத்தி முறையைத் தொடங்கியது பன்னாட்டு நிறுவனம்கூட அல்ல. உலகில் வணிகரீதியாக வந்த முதல் ஒட்டுப் பருத்தியான எச்-4, 1970ல் சூரத்தில் நம் அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் பிறந்தது. சீனாவிலும் அமெரிக்காவிலும் பி.டி. பருத்தி பெரும்பாலும் ஒட்டு இல்லாத நேர் ரகத்தில் இருக்க, இங்கே மட்டும் ஒட்டு விதைக்குள் வைத்து விற்றார்கள். மரபணுவைவிடப் பெரிய பூட்டு இதுதான்.

மகசூலைப் பற்றிச் சொன்னீர்கள். கூடியது, மறுக்க மாட்டேன். 2002ல் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 300 கிலோவாக இருந்த பஞ்சு, ஐந்தாறு வருஷத்தில் 550 கிலோவை எட்டியது. குஜராத்தில் பெருகிய பாசனமும், புதிய பூச்சிமருந்துகளும், கூடுதல் உரமும் அதில் சேர்த்தி. அப்புறம் என்ன ஆனது? சமீப ஆண்டுகளில் அது 450ஐ ஒட்டியே நிற்கிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறைப் பி.டி.யைத் தாங்கிக்கொள்ளப் பழகிவிட்டது என்று 2009ல் குஜராத்தில் கண்டுபிடித்தார்கள். இரண்டு மரபணு வைத்த அடுத்த விதையும் அடுத்த சில வருஷங்களில் அந்தப் புழுவிடம் தோற்றது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டால், பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி போடும் என் பெரியப்பா மகனின் வீட்டுப் பரண்தான் ஞாபகம் வருகிறது. அங்கே விதைப் பெட்டியோடு வந்த சின்னப் பொட்டலங்கள் ஏழெட்டு, பிரிக்காமலே கிடந்தன. அப்போதெல்லாம் 450 கிராம் விதைக்கு 120 கிராம் பொட்டலம் ஒன்று வரும். உள்ளே இருப்பது பி.டி. இல்லாத சாதாரணப் பருத்தி. வயலைச் சுற்றி அதை ஊன்ற வேண்டும். பி.டி. செடியைத் தின்று பிழைத்த புழு அங்கே வளரும் சாதாரணப் புழுவோடு கலந்தால், தாங்கும் குணம் மெதுவாகத்தான் பரவும். இந்தத் தொழில்நுட்பம் நீடிப்பதற்கான முக்கியமான காவல் அந்தப் பொட்டலம். “இது எதுக்குண்ணே?” என்று கேட்டேன். “கொசுறுன்னு நெனச்சேன்” என்றார். அட்டையில் தமிழில் ஒரு வரி இல்லை. கடைக்காரரும் சொல்லவில்லை. விற்றவர்கள் சொல்லித்தராமல் விட்டார்கள், கண்காணிக்க வேண்டிய அரசும் கவனிக்கவில்லை, கடைசியில் மருந்துச் செலவு என் அண்ணன் தலையில் விழுந்தது. விஞ்ஞானத்தை அவமதித்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

விலைக் கதையையும் பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. அதில் பெரும்பகுதி மரபணுவுக்கான உரிமத்தொகை. 2006ல் ஆந்திர அரசு ஏகபோகத் தடுப்பு ஆணையத்துக்குப் போன பிறகு விலை 750 ரூபாய்க்கு இறங்கியது. 2015 டிசம்பரில் மத்திய அரசு விலைக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது, 2016ல் உரிமத்தொகையை 49 ரூபாய் ஆக்கியது, 2020ல் அடியோடு நீக்கியது. போட்டி வந்து சந்தை தானாக இறக்கிய விலை அல்ல இது. அரசு தலையிட்டதால் இறங்கியது. இதற்கிடையே, அந்த மரபணுவின் சொந்தக்காரரான அமெரிக்க விதை நிறுவனம் மான்சான்டோவை 2018ல் ஜெர்மனியின் பேயர் வாங்கியது. அதற்கு முந்தைய வருஷம், விதையும் பூச்சிமருந்தும் விற்கும் சின்ஜென்டாவை ஒரு சீன நிறுவனம் வாங்கியது. விதையும் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் ஒரே முதலாளியிடம் சேர்ந்தால், மருந்து குறைவாகத் தேவைப்படும் விதையை அவர் எதற்காக உருவாக்குவார்?

நான் காவல் காக்க விரும்புவது ஒரு சட்டப் பிரிவை. 2001ம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39வது பிரிவு. பதிவு செய்த ரகமாகவே இருந்தாலும், அதன் விதையை விவசாயி எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். கம்பெனிப் பெயர் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவே. 2019ல் குஜராத்தில் சிறு விவசாயிகள் சிலர் மீது, தன் சிப்ஸ் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டார்கள் என்று பெப்சிகோ வழக்குப் போட்டது. நான்கு பேரிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது, விவசாயிகள் பக்கம் நின்றவர்கள் இந்தப் பிரிவைக் காட்டினார்கள், மே மாதம் வழக்கு வாபஸ் ஆனது. அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? தானியக் கிடங்கில் காசு கொடுத்து வாங்கிய சோயாவை விதைத்து, அதிலிருந்து விதை எடுத்த 75 வயது விவசாயி போமேன், 2013ல் உச்ச நீதிமன்றத்தில் மான்சான்டோவிடம் தோற்றார். ஒன்பது நீதிபதிகளும் ஒரே தீர்ப்பு. நம்மிடம் அந்த 39வது பிரிவு இருக்கிறது. விதைச் சட்டத்தைத் திருத்தும் பேச்சு எழும்போதெல்லாம் அது அப்படியே இருக்கிறதா என்று நான் தேடிப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.

சரி, கடுகு. அதை உருவாக்கியது டெல்லி பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழு, வெளிநாட்டுக் கம்பெனி அல்ல. அதை நான் போன இதழிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் பிழை. என் எதிர்ப்பு அதிலுள்ள களைக்கொல்லி தாங்கும் மரபணுவுக்கு. விதை உற்பத்திக்கு மட்டும்தான் அது என்கிறார்கள். ஆனால் வயலில் களைக்கொல்லி அடித்தாலும் பயிர் நிற்கும் என்று தெரிந்தபின் அடிக்காமல் இருப்பார்களா? களை பறிக்கும் கூலியை நம்பியிருக்கும் பெண்களின் கதி என்ன? 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் இந்தக் கடுகுக்கு அரசு கொடுத்த அனுமதி செல்லுமா என்பதில் மாறுபட்ட தீர்ப்பு கொடுத்தார்கள். அவ்வளவு எளிதான விஷயமில்லை இது. 2025ல் அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள் வெளியிட்ட, வேற்று மரபணு சேர்க்காமல் நெல்லின் சொந்த மரபணுவையே திருத்திய இரண்டு நெல் ரகங்களை நான் எதிர்த்து எழுதவில்லை. விவசாயி அதை எடுத்து வைக்கலாமா, அந்தத் திருத்தும் கருவியின் காப்புரிமைக்காரருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கோயம்புத்தூர் வேளாண் விஞ்ஞானிகள் கொடுத்த எம்.சி.யு.5 பருத்தியும் வெள்ளைப் பொன்னியும் விஞ்ஞானம்தான். அவற்றின் விதையை எடுத்து வைத்ததற்காக யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. இரண்டு கிலோ பாரம்பரிய நெல் விதை கொடுத்து, அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கேட்ட நெல் ஜெயராமன், 170க்கும் மேற்பட்ட ரகங்களை அப்படியே கைமாற்றிப் பிழைக்கவைத்தார். நமக்கு நல்ல நேர் ரகப் பருத்தி வேண்டும், பி.டி.யோடோ இல்லாமலோ. அதற்கு அரசுப் பண்ணைகளுக்கு ஆளும் பணமும் வேண்டும். இதைக் கேட்டு நீங்கள் ஒரு கடிதம் எழுதினால், முதல் பக்கத்தில் போடுகிறேன்.

பெரம்பலூர் அண்ணனிடம் நேற்று போனில் பேசினேன். இந்தப் புரட்டாசியில் பருத்தியை விட்டுவிட்டு மக்காச்சோளம் போடப் போகிறாராம். மரபணு மாற்றம் எதுவும் இல்லை. அதுவும் ஒட்டு விதைதான், அடுத்த வருஷமும் வாங்கத்தான் வேண்டும்.